எண்ணெய்க் கிணற்றுக்குள் காற்றைச் செலுத்துவது ஏன்? மெஹ்ஸானா முதல் வளைகுடா வரை

"வளைகுடாவில் எண்ணெய் தீரப்போகிறதாமே, உண்மையா?" தக்கலைப் பக்கம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சவூதி, குவைத், ஓமன் என்று ஒரு பிள்ளையாவது போகாத வீடு நம் பக்கத்தில் குறைவு. வீடு கட்டக் கடன் வாங்கலாமா, தம்பியையும் அங்கேயே அனுப்பலாமா, மகள் கல்யாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாமா என்ற முடிவுகள் பலவும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே இதை வதந்தியாக விட்டுவிடாமல் அறிந்து பேசுவது நல்லது.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். பூமிக்கடியில் எண்ணெய் தீர்வதற்கு வெகுகாலம் முன்பே, அதை எடுக்கும் வழி தீர்ந்துவிடுகிறது. உலகின் எண்ணெய் வயல்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியையாவது எடுப்பதற்குக் கையாளும் முறைகளில் ஒன்றுதான் கிணற்றுக்குள் காற்றைச் செலுத்துவது. நாம் மூச்சுவிடும் இதே காற்றுத்தான். நம் நாட்டில் குஜராத்தின் மெஹ்ஸானா மாவட்டத்தில் இது 30 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

எண்ணெய் ஏன் உள்ளேயே நிற்கிறது?

எண்ணெய் என்றதும் பூமிக்கடியில் குளம்போல் தேங்கிக் கிடக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு செங்கல்லைத் தண்ணீர் வாளியில் போட்டு எடுங்கள். கல் கல்லாகவே இருக்கும், ஆனால் கனம் கூடியிருக்கும். தண்ணீர் அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் புகுந்திருக்கிறது. எண்ணெய் இருப்பதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ உள்ள நுண்துளைகளுக்குள் அது ஒட்டிக் கிடக்கிறது. செங்கல் குடித்த தண்ணீரைப் பிழிந்து எடுக்க எவ்வளவு பாடுபட வேண்டுமோ அவ்வளவு பாடு இதற்கும் உண்டு.

புதிதாகத் துளையிடும்போது பாறைக்குள் இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவது போல. சில ஆண்டுகளில் அழுத்தம் தணிந்துவிடும். பிறகு தலையை ஆட்டி ஆட்டி நிற்கும் பம்புகளை வைத்து இறைப்பார்கள். அதுவும் குறைந்தால், வேறொரு கிணறு வழியாகத் தண்ணீரையோ எரிவாயுவையோ உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். இது இரண்டாம் கட்டம். தண்ணீர் எப்போதும் எளிய பாதையைத் தேடி ஓடும். எண்ணெயைச் சுற்றிக்கொண்டு நேரே அடுத்த கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில் நூறு வாளி இறைத்தால் தொண்ணூறு வாளி தண்ணீராகவே வரும். அப்போதுதான் கணக்குப் பார்த்து "வயல் முதிர்ந்துவிட்டது" என்கிறார்கள்.

நெய்ச்சோறு ஆக்கிய சட்டியைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் பிசுபிசுப்பு போகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெந்நீர் வேண்டும், அல்லது சோப்பு வேண்டும். மூன்றாம் கட்டத்தில் எண்ணெய்ப் பொறியாளர்கள் செய்வதும் இதைத்தான். நீராவி விடுகிறார்கள், ரசாயனம் விடுகிறார்கள், கார்பன் டை ஆக்சைடு விடுகிறார்கள். சிலர் காற்றை விடுகிறார்கள்.

காற்று என்ன செய்கிறது?

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். உயர் அழுத்தத்தில் இதைப் பாறைக்குள் செலுத்தினால் ஆக்சிஜன் எண்ணெயின் ஒரு சிறு பகுதியோடு சேர்ந்து எரிகிறது. அதாவது, பாறைக்குள்ளேயே வேண்டுமென்று நெருப்பு வைக்கிறார்கள். கேட்கும்போது மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் நாம் நினைப்பதுபோல் கொழுந்துவிட்டு எரிவது அல்ல அது. கொசு விரட்டத் தேங்காய்க் கதம்பையில் நெருப்பு வைத்தால் என்ன ஆகிறது? சுடர் இராது. கனிந்து கனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகரும். அதற்கு முன்னால் சூடும் புகையும் போகும். பாறைக்குள்ளும் நெருப்பு வரப்பு இப்படித்தான் நகர்கிறது. கிணற்றில் காற்றை நிறுத்தினால் நெருப்பும் அவிந்துவிடும்.

இந்த நெருப்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சூட்டில் எண்ணெய் இளகி ஓட ஆரம்பிக்கிறது. மற்றொன்று, எரிந்ததால் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும், எரியாமல் மிஞ்சிய நைட்ரஜனும் சேர்ந்து எண்ணெயை முன்னால் தள்ளுகின்றன. கார்பன் டை ஆக்சைடு எண்ணெயில் கரைந்து அதை உப்பவும் வைக்கிறது. உப்பிய எண்ணெய் துளைகளை விட்டு எளிதில் நழுவும்.

எண்ணெய் கனமானதா லேசானதா என்பதைப் பொறுத்து, இந்த இரண்டில் எது முக்கியம் என்பது மாறும். எண்ணெயின் கனத்தை ஏ.பி.ஐ. என்ற அளவால் குறிப்பார்கள். அதில் தண்ணீருக்கு 10. எண் கூடக் கூட எண்ணெய் லேசானது. 20க்குக் கீழே தார்போல் குழகுழப்பான கன எண்ணெய், 31க்கு மேலே லேசான எண்ணெய் என்று தோராயமாகப் பிரிக்கலாம். கன எண்ணெய்க்குச் சூடுதான் உயிர். லேசான எண்ணெய் ஏற்கெனவே ஓடக்கூடியது என்பதால் அதற்கு வாயுவின் தள்ளுதல்தான் முக்கியம். அங்கே காற்றின் ஆக்சிஜனைப் பாறைக்குள்ளேயே தீர்த்துவிட்டு, மிஞ்சும் வாயுவைத் தள்ளும் கருவியாக்குவதே நோக்கம்.

லேசான எண்ணெய் பெரும்பாலும் ஆழத்தில் இருப்பது. ஆழத்தில் பாறையே சூடாக இருக்கும். ஆகவே தனியாகத் தீ மூட்ட வேண்டியதில்லை. ஈரத்தோடு கட்டிய வைக்கோற்படப்பு உள்ளுக்குள் சூடேறி ஒருநாள் தானாகவே புகைவதை நாஞ்சில் நாட்டு விவசாயிகள் அறிவார்கள். சூடான பாறையில் எண்ணெயும் ஆக்சிஜனும் சந்தித்தால் அப்படித்தான் மெல்லச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்கிறது. இதில் எரிந்துபோவது இருப்பில் 5 முதல் 10 சதவீதம் வரைதான் என்பது பொதுவான கணக்கு. அதுவும் பெரும்பாலும், வாயு தள்ளியும் வராமல் பாறையோடு ஒட்டி நின்ற எண்ணெய்தான்.

எங்கே தொடங்கியது?

பூமிக்குள்ளேயே எண்ணெயை எரித்து எடுக்கும் யோசனைக்கு 1923இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். 1930களில் சோவியத் நாட்டில் வயலில் சோதித்தார்கள். ருமேனியாவில் சுப்லாகு டி பர்காவு என்ற இடத்தில் 1960களில் தொடங்கிய நெருப்பு பல பத்தாண்டுகள் நகர்ந்துகொண்டே வந்தது. இவையெல்லாம் கன எண்ணெய்க் கதை.

லேசான எண்ணெய்க்கு முன்னோடி அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பஃபலோ வயல். அங்கே 2,500 மீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூடுள்ள பாறையில் எண்ணெய் இருக்கிறது. பாறையின் துளைகள் மிக நெருக்கம் என்பதால் தண்ணீரைச் செலுத்துவது கடினம். தண்ணீர் போகாத இடத்தில் காற்று போகும். 1979இல் காற்றுச் செலுத்தத் தொடங்கினார்கள், அது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1987இல் பக்கத்து வடக்கு டகோட்டாவின் மெடிசின் போல் ஹில்ஸ் வயலிலும் இதே முறை தொடங்கியது.

இதற்கு வேண்டிய அழுத்தத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. நம் கார் டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். பஃபலோவில் 4,000 பி.எஸ்.ஐ.க்கும் மேல். நூறு மடங்குக்கும் அதிகம்! காற்று இலவசம்தான். ஆனால் அதை அந்த அழுத்தத்துக்கு நெருக்கும் கம்ப்ரஸர்களும் அவற்றுக்கான மின்சாரமும் இலவசமல்ல. ஒரு பேரல், அதாவது 159 லிட்டர் எண்ணெய் எடுக்கச் சில நூறு கன மீட்டர் காற்றை உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும். எண்ணெய் விலை சரிந்தால் முதலில் நிறுத்தப்படுவதும் இப்படிப்பட்ட திட்டங்கள்தான்.

மெஹ்ஸானா

அகமதாபாத்துக்கு வடக்கே மெஹ்ஸானா மாவட்டத்தில் பலோல், சந்தால், லன்வா, பெச்ராஜி என்று அடுத்தடுத்து எண்ணெய் வயல்கள் இருக்கின்றன. 1970களின் தொடக்கம் முதல் அறியப்பட்டவை. எண்ணெய் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, ஆனால் கனமானது. ஏ.பி.ஐ. 15 முதல் 18 வரை. தண்ணீரைவிட நூறு மடங்குக்கும் மேல் குழகுழப்பு. பாறையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வேறு நிற்கிறது. எண்ணெயை இறைக்க இறைக்க, குழகுழப்பான எண்ணெய் மெல்ல அசைய, தண்ணீர் முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிடும். வழக்கமான முறையில் 15 சதவீத எண்ணெயை ஒட்டித்தான் எடுக்க முடியும் என்று கணக்குச் சொன்னது. பெட்டியில் நூறு ரூபாய் இருக்க, 15 ரூபாயை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டிவிடுவது போன்ற நிலை.

ஓ.என்.ஜி.சி. 1990இல் பலோலில் முன்னோட்டமாகக் காற்றைச் செலுத்தியது. அதன் பலனைப் பார்த்த பிறகு 1997இல் பலோல், சந்தால் இரண்டிலும் வணிக அளவில் திட்டம் தொடங்கியது. இதற்கான வடிவமைப்பில் அகமதாபாத்தில் உள்ள அதன் எண்ணெய்ப் படிவ ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பாறை ஒரு பக்கம் சரிந்து கிடப்பதால், மேட்டுப் பகுதியில் உள்ள கிணறுகள் வழியாகக் காற்றை அனுப்பினார்கள். நெருப்பு வரப்பு மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும். இளகிய எண்ணெய் அதற்கு முன்னால் தன் எடையாலேயே இறங்கிக் கீழேயுள்ள கிணறுகளுக்கு வரும். கீழிருந்து ஏறிய தண்ணீரையும் அது எதிர்த்துத் தள்ளும். காற்றோடு தண்ணீரையும் அனுப்பி, எரிந்து முடிந்த பாறையில் வீணாக நிற்கும் சூட்டை முன்னால் கொண்டுபோகவும் செய்தார்கள்.

விளைவு நல்லதாகவே இருந்தது. தண்ணீரே வந்துகொண்டிருந்த பல கிணறுகளில் தண்ணீர் குறைந்து எண்ணெய் கூடியது. மூடிவைத்த கிணறுகள் சில மீண்டும் உற்பத்திக்கு வந்தன. எடுக்க முடிந்த பங்கை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்துவதே இலக்கு. கன எண்ணெயில் இந்த முறையைத் தொடர்ந்து நடத்திய நாடுகளின் சிறிய பட்டியலில் இந்தியாவும் இடம்பெற்றது இந்தக் கிராமங்களால்தான். நம் பத்திரிகைகளில் சந்திரயானுக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட பலோலுக்குக் கிடைக்கவில்லை என்பது நமக்கு ஒரு குறைதான்.

லேசான எண்ணெயிலும் இதைச் செய்து பார்க்க, அகமதாபாத் அருகேயுள்ள கமிஜ் வயலை ஓ.என்.ஜி.சி. தேர்ந்தெடுத்தது. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நிலையில், புதிய வயலைத் தேடுவதைவிடப் பழைய வயலில் மிச்சத்தை எடுப்பது சில இடங்களில் மேலானது. 2018இல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டு, இப்படிக் கூடுதலாக எடுக்கும் எண்ணெய்க்கு வரிச்சலுகையும் அறிவித்தது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இதைத்தான் நம் குடும்பங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். இந்த முறையில் பாறைக்குள் எரியும் நெருப்பைவிட, மேலே குழாயிலும் கம்ப்ரஸரிலும் நேரக்கூடிய தவறுதான் பெரிய ஆபத்து.

முதலாவது கம்ப்ரஸர். காற்றை நெருக்கினால் அது கடுமையாகச் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில், இயந்திரத்துக்குப் போடும் சாதாரண மசகு எண்ணெய் குழாய்க்குள் படிந்திருந்தால் அதுவே தீப்பற்றி வெடிக்கலாம். ஆகவே எளிதில் தீப்பற்றாத செயற்கை மசகு எண்ணெயைத்தான் பயன்படுத்த வேண்டும். குழாய்களுக்குள் படிவு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காற்றுச் செலுத்தும் கிணறு. மின்சாரம் போய்க் கம்ப்ரஸர் திடீரென நின்றால், பாறையிலிருந்து எண்ணெயும் வாயுவும் பின்னோக்கிக் கிணற்றுக்குள் வரும். அங்கே காற்று நிறைந்திருக்கிறது. கம்ப்ரஸர் மறுபடி ஓடத் தொடங்கும்போது அது வெடிகுண்டுக்குச் சமம். அதனால் நின்றவுடனேயே நைட்ரஜனையோ தண்ணீரையோ உள்ளே அனுப்பிக் கிணற்றைக் கழுவித் தள்ளுவதற்கு ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய் வெளியே வரும் கிணறு. பாறைக்குள் ஆக்சிஜன் முழுதும் எரிந்து தீராமல், ஏதாவது ஒரு எளிய பாதை வழியாக நேரே இந்தக் கிணற்றுக்கு வந்துவிட்டால் எரிவாயுவும் ஆக்சிஜனும் ஒரே குழாயில் கலந்துவிடும். சாதாரண அழுத்தத்தில் மீதேன் எரிவதற்கு ஏறத்தாழ 12 சதவீத ஆக்சிஜனாவது வேண்டும். அந்த அளவு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அதைவிட வெகு கீழே ஒரு வரம்பு வைத்து, வாயுவை இடைவிடாமல் சோதித்து, வரம்பைத் தொட்டதும் கிணற்றை அடைத்துவிடுவார்கள். லேசான எண்ணெய் வயலில் இது இன்னும் முக்கியம். அங்கே எண்ணெயோடு எளிதில் தீப்பற்றும் வாயுவும் நிறைய வரும்.

இவை போக, கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து அமிலமாகிக் குழாய்களை அரிக்கும். கார்பன் மோனாக்சைடு வரலாம், அதற்கு வாசனையே கிடையாது. சில வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடும் வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நிம்மதி அடைபவர்தான் அங்கே விழுகிறவர்.

இது டெல்டாவில் பேசப்படும் திட்டமா?

இந்தக் கேள்வியும் வரும். கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டதும், அதே ஆண்டில் நெடுவாசலில் நடந்த போராட்டமும் நமக்கு நினைவிருக்கும். 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து, டெல்டாவில் எண்ணெய், எரிவாயுவுக்கான புதிய பணிகளைத் தடைசெய்தது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய் தேடும் திட்டத்துக்கு நம் மாவட்ட மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். இந்தப் பேச்சுகளில் எல்லாம் "பூமிக்குள் எதையோ செலுத்துகிறார்கள்" என்ற ஒரே வரியில் பல வேறு முறைகளைக் கலந்து பேசிவிடுகிறோம்.

பாறையை உடைப்பதற்காகத் தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் அதிக அழுத்தத்தில் அடிப்பது நீரியல் விரிசல் முறை. நாம் இங்கே விவரித்தது அது அல்ல. காற்றுச் செலுத்தும்போது பாறையை உடைப்பது நோக்கமும் இல்லை, விருப்பமும் இல்லை. உடைந்தால் ஆக்சிஜன் குறுக்குவழியில் ஓடிவிடும். ஆனால் எந்த முறையானாலும் கிணற்றுக் குழாயைச் சுற்றியுள்ள சிமெண்ட் பூச்சு பழுதானால் நிலத்தடி நீருக்குக் கேடு வரலாம். ஆகவே எதிர்ப்பவர்களைக் கேலி செய்வதும் சரியல்ல, எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்துப் பயமுறுத்துவதும் சரியல்ல. எந்த முறை, எந்த ஆழம், நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது, யார் சோதிக்கிறார்கள் என்று கேட்பதே பயன்தரும்.

மார்க்க நூல்களில் எண்ணெய்

நஃப்த் என்ற பெயரில் பூமி எண்ணெயை முன்னோர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதி பாகுவின் எண்ணெய் ஊற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மருத்துவ மேதை ராஸி அதை வடித்துத் தெளிந்த எண்ணெய் எடுக்கும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். ஃபிக்ஹ் நூல்களும் கனிமங்களைப் பேசும்போது இதைப் பெயர் சொல்லியே பேசுகின்றன. ஹனஃபி மத்ஹபில் நெருப்பில் உருகும் உலோகங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டு, நஃப்த் போன்ற திரவத்துக்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் கனிமங்களில் தங்கம், வெள்ளிக்கு மட்டுமே ஜகாத். ஹன்பலி மத்ஹபில் நஃப்த் உட்பட மதிப்புள்ள எல்லாக் கனிமங்களுக்கும் உண்டு. மாலிகி அறிஞர்கள் கனிமம் யாருடைய நிலத்தில் கிடைத்தாலும் அதன் பொறுப்பு ஆட்சியாளரிடம் என்றார்கள். இன்றைய நம் நாட்டு நடைமுறை இந்தக் கடைசிக் கருத்தை ஒட்டி வருவதைப் பாருங்கள். எண்ணெய் அரசுடையது, நிலத்துக்காரருக்கு நிலத்தின் பயன்பாட்டுக்கான ஈடு மட்டுமே. எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரின் சம்பளத்துக்கும் இந்தக் கனிமச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. சேமிப்பு நிஸாபை எட்டி ஒரு வருடம் கடந்தால் வழக்கமான இரண்டரை சதவீதம்தான்.

ஒரு பங்கு எண்ணெயை எரித்துவிடுவது வீண்விரயம் ஆகாதா என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கஹ்ஃப் அத்தியாயத்தில் ஹிள்ரு அலைஹிஸ்ஸலாம் ஏழைகளின் படகை ஓட்டையிட்ட சம்பவத்தை உலமாக்கள் இதற்கு நிகரான இடங்களில் எடுத்துக்காட்டுவார்கள். முழுப் படகும் பறிபோகாமல் இருக்க ஒரு பலகை போனது. பாறையில் எப்படியும் வராத பங்கை எரித்து, வரக்கூடிய பெரும் பங்கை மீட்பதை விரயம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் இந்தக் கணக்கில் தொழிலாளியின் உயிர் ஒரு பலகையாகச் சேர்க்கப்படக் கூடாது. பாதுகாப்புச் செலவை மிச்சம் பிடித்து எடுக்கும் எண்ணெய்க்கு இந்த ஆதாரத்தைக் காட்ட முடியாது.

வளைகுடாவுக்கு வருவோம்

குவைத்தின் புர்கான் வயல் 1938இலும், சவூதியின் கவார் வயல் 1948இலும் கண்டுபிடிக்கப்பட்டவை. அங்கே பாறையின் இயல்பான அழுத்தமும் நல்ல துளைகளும் இருந்ததால் நீண்டகாலம் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கவாரில் கடல்நீரைச் செலுத்தியே பல பத்தாண்டுகளாக எண்ணெயைத் தள்ளுகிறார்கள். காற்றுச் செலுத்தும் தேவை அவர்களுக்கு இதுவரை குறைவு. அங்கே "தீரப்போகிறது" என்ற பேச்சுக்கு நிலத்தடியில் ஆதாரம் இல்லை. வேலை குறைவது எண்ணெய் விலையாலும், உள்நாட்டவருக்கு முன்னுரிமை தரும் சட்டங்களாலும், உலகம் மின்வாகனத்துக்கு மாறுவதாலும்தான். கடன் வாங்கும் முன் நம் குடும்பங்கள் பார்க்க வேண்டியவை இவை.

ஓமன் கதை வேறு. அங்கே வயல்கள் சிறியவை, சிதறியவை, பல இடங்களில் எண்ணெய் கனம். அதனால் மூன்றாம் கட்ட முறைகளை வளைகுடாவில் அதிகம் கையாள்வது ஓமன்தான். முகைஸ்னாவில் நீராவி, மார்முலில் தண்ணீரைக் கெட்டியாக்கும் பாலிமர், அமல் வயலில் சூரிய வெப்பத்தில் ஆக்கிய நீராவி. இப்படிப்பட்ட வயல்களில் கம்ப்ரஸர், கொதிகலன், வாயுச் சோதனை, குழாய் அரிப்புத் தடுப்பு தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. வெறும் உதவியாளராகப் போகும் பிள்ளைக்கும், ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கும் சம்பளத்தில் மட்டுமல்ல, எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதிலும் வித்தியாசம் உண்டு. பொறியியல் படிக்க விரும்புவோருக்குத் தன்பாத்தின் இந்திய சுரங்கப் பள்ளி ஐ.ஐ.டி., அமேதி மாவட்டத்தின் ராஜீவ் காந்தி பெட்ரோலியத் தொழில்நுட்ப நிறுவனம், காந்திநகரின் பண்டிட் தீன்தயாள் எரிசக்திப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பெட்ரோலியப் பொறியியல் இருக்கிறது.

எண்ணெய் வயல் வேலைக்கு விசா வந்திருக்கும் வீடுகளில், சம்பளம், தங்குமிடம், டிக்கெட் ஆகியவற்றைக் கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் ஏஜெண்டிடம் கேளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு பயிற்சி யார் செலவில், வேலையில் சேரும் முன்பா பின்பா? உடலில் மாட்டிக்கொள்ளும் வாயு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொருவருக்கும் உண்டா, பலருக்கு ஒன்றா? ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? பதிலை வாட்ஸ்அப் குரல்பதிவாக வாங்க வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.